பழைய கடல்நீர்த் தொட்டியில் புது ட்ரை ரொக்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

இரண்டு மூன்று வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி. மீன் ஒளிக்க இடம் போதவில்லை, கொரல் (உயிருள்ள முருகை) வைக்க மேடை வேண்டும் என்று புது ட்ரை ரொக், அதாவது உயிரில்லாத காய்ந்த துளைக்கல், வாங்கிப் போடுகிறோம். அடுத்த நாளோ அடுத்த மாதமோ ஏதோ ஒன்று கெடுகிறது. உடனே பில்டரைக் கழுவுவது, லைட்டைக் குறைப்பது, கடையில் தந்த போத்தல் மருந்தை ஊற்றுவது என்று தொட்டியோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவோம். தொட்டியை விட்டுவிட்டு முதலில் கல்லை விசாரியுங்கள்.

அதற்கு ஒரு வாளி போதும். புதிதாகப் போட்ட கற்களில் ஒன்றை வெளியே எடுத்து, அது மூழ்கும் அளவுக்கு, தொட்டிக்கென விற்கும் கடலுப்பில் புதிதாகக் கலக்கிய உப்புநீரில் வையுங்கள். காற்றுக்குமிழ் விடும் ஏர் ஸ்டோன் ஒன்று ஓடட்டும். மேலே மூடிவிடுங்கள், வெளிச்சம் வேண்டாம். ஹீட்டரும் வேண்டாம், திருகோணமலையில் வாளித் தண்ணீர் தானாகவே 28, 29 பாகையில் நிற்கும். கல்லை வைக்குமுன் அமோனியாவையும் பொஸ்பேட்டையும் அளந்து எழுதிவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இந்தச் சோதனைக்குக் கடலில் அள்ளிய தண்ணீரைப் பாவிக்க வேண்டாம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் வாளிக்குள் செத்து அவையே அமோனியா விடும், பழி கல்லின் மேல் விழும்.

அமோனியா ஏறியிருந்தால் கல்லுக்குள் ஏதோ அழுகுகிறது. பொஸ்பேட் மட்டும் ஏறியிருந்தால் கல்லில் அது படிந்திருக்கிறது. இரண்டும் அசையாவிட்டால் கல் குற்றவாளி இல்லை; கல்லை வைத்த கைதான் மணலைக் கிளறியிருக்கும், நீரோட்டத்தை மாற்றியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கல் தொட்டிக்குள் பல வாரம் கிடந்திருந்தால் அதில் பக்டீரியா குடியேறி, வருகிற அமோனியாவை அப்போதைக்கப்போதே தின்று நைட்ரேட்டாக மாற்றிவிடும். அப்படியான கல்லுக்கு நைட்ரேட்டையும் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

போட்ட அன்றே தண்ணீர் வெள்ளையாகிவிட்டது

ஒரு மணி நேரத்துக்குள் வெள்ளையானால் அது கல்லின் தூள். ட்ரை ரொக் முழுக்கக் கல்சியம் காபனேற்று. பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி வந்த தூள் துளைகளுக்குள் இருந்து இறங்குகிறது. பில்டரில் மெல்லிய பஞ்சு போட்டு, அடைக்க அடைக்க மாற்றுங்கள். கொரலின் மேல் படிந்ததைப் பெரிய சிரிஞ்சால் ஊதிவிடுங்கள். அடுத்த நாள் தெளிந்துவிடும்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கலங்கியது

இது வேறு விஷயம். "அண்ணை, போட்ட அன்றைக்குத் தெளிவாத்தான் இருந்தது, இன்றைக்கு விடியத்தான் இப்படி" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மீன் மேல வந்து நிண்டு மூச்செடுக்குதா?"

கல்லிலிருந்து கரைந்து வரும் அழுக்கைத் தின்று தண்ணீரில் மிதக்கும் பக்டீரியா பெருகியிருக்கிறது. அதுகள் மீனுக்கு நேரே எதுவும் செய்வதில்லை. ஆனால் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துவிடும். கடல்நீர் 25 பாகையில் நிரம்பப் பிடிக்கும் ஒட்சிசனே லீற்றருக்கு 7 மில்லிகிராம் வராது. 30 பாகையில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இல்லாத நம் வீட்டுத் தொட்டிகள் எப்போதும் இந்த விளிம்பில்தான் நிற்கின்றன. பாசி ஒட்சிசன் விடாத இரவில் நிலைமை இன்னும் மோசமாகும், விடியற்காலையில் மீன் செத்துக் கிடப்பது அதனால்தான்.

நீரோட்டம் தரும் மோட்டரான பவர்ஹெட்டின் வாயைத் தண்ணீர் மேற்பரப்பை நோக்கித் திருப்புங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள், நுரையோடு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மரை நன்றாக ஓடவிடுங்கள். ஓரிரு நாள் தீன் போடாதீர்கள். மிதக்கும் கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு இருந்தால் உதவும். தண்ணீர் மாற்றிக் கலங்கலை விரட்டப் பார்ப்பது வீண் வேலை: பக்டீரியாவின் தீன் கல்லுக்குள் இருக்கிறது, நாளைக்கே மறுபடி கலங்கும். நாலைந்து நாளாகியும் தெளியாவிட்டால் வாளிச் சோதனைக்குப் போங்கள். இந்த நாட்களில் பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கையோடு இருக்கவேண்டும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மீன் மூச்சு வாங்குகிறது, அமோனியா காட்டுகிறது

இந்தப் பட்டியலில் உண்மையான அவசரம் மீன் மூச்சுக்குத் தவிப்பதுதான், அமோனியாவாலோ மேலே சொன்ன கலங்கலாலோ. மற்ற எல்லாவற்றுக்கும் நாளைக்குப் பார்க்கலாம்.

பழைய தொட்டியில் அமோனியா பூச்சியமாக இருக்கவேண்டும். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில், நம் வெப்பத்தில், டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அமோனியாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நச்சு வடிவத்தில் இருக்கும். நன்னீர்த் தொட்டியில் பெரிதாகத் தெரியாத அளவு இங்கே செவுளைச் சுட்டுவிடும்.

முதலில் புதுக் கல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். "பழைய தொட்டிதானே, பக்டீரியா சமாளித்துக்கொள்ளும்" என்று விடவேண்டாம். பழைய கல்லிலுள்ள பக்டீரியா உங்கள் மீன்கள் விடும் கழிவுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது; ஒரே நாளில் இரட்டிப்புச் சுமையை அது தூக்காது. பிறகு காற்றோட்டம், அதன்பின் 25 முதல் 30 வீதம் தண்ணீர் மாற்றம். அமோனியாவைக் கட்டும் மருந்து கையில் இருந்தால் போடலாம். ஆனால் அதைப் போட்டபின்னும் சாதாரணக் கிட் பழைய இலக்கத்தையே காட்டும், ஏனென்றால் அது கட்டப்பட்ட அமோனியாவையும் சேர்த்து எண்ணுகிறது. அதைப் பார்த்துப் பயந்து மருந்தை மேலும் மேலும் ஊற்றவேண்டாம். நைட்ரைட்டும் சேர்ந்து ஏறினால் அதற்காக நித்திரை கெடாதீர்கள். கடல்நீரிலுள்ள குளோரைட் அது மீனின் உடம்புக்குள் போவதைத் தடுக்கிறது.

மாற்றுகிற தண்ணீர் எங்கே எடுப்பது என்பதுதான் இங்கே சிக்கல். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சுத்தமான கடல்நீர் கிடைக்கும். உட்துறைமுகத்தில் அள்ளாதீர்கள், கப்பலும் எண்ணெயும் உள்ள இடம். மாரியில் கொட்டியாரக் குடாவில் மகாவலி வெள்ளம் வந்து கலக்கும்போது தண்ணீர் சேறாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கும். உப்பளவுமானியில் 1.025 வரவில்லையென்றால் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். என்னைக் கேட்டால் புதுக் கல் போடும் வேலையைச் சித்திரைக்குப் பின், புரட்டாதிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஏதும் பிழை வந்தால் நாலு கேன் தண்ணீருக்குக் கடலுக்குப் போய்வரலாம். மாரியில் பிழை வந்தால் உப்புப் பைக்கட்டை நம்பித்தான் இருக்கவேண்டும்.

வாளியில் அமோனியா ஏறவில்லை, ஆனால் தொட்டியில் ஏறியது என்றால் மணலைப் பாருங்கள். கல்லை ஊன்றும்போது பழைய மணலின் அடியிலுள்ள கருத்த பகுதி கிளறப்பட்டிருந்தால் அழுகிய முட்டை மணம் வந்திருக்கும். அது ஐதரசன் சல்பைட். காற்றோட்டமும் பில்டரில் புதிதாகப் போடும் காபனும் (நச்சை உறிஞ்சும் கரி) போதும், கல்லை எடுக்கத் தேவையில்லை. இனிமேல் அந்த மணலைத் தொடாதீர்கள்.

கல் எங்கிருந்து வந்தது?

அமோனியா விட்ட கற்களை விசாரித்தால் பாதி, கடையில் வாங்கியதாக இராது. கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லை அள்ளி, வெயிலில் காயவிட்டு, "ட்ரை ரொக்" என்று தொட்டிக்குள் போட்டிருப்பார்கள். வெளிப்பக்கம் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். உள்ளே சிப்பி, கடற்பஞ்சு, புழு எல்லாம் செத்துக் காய்ந்து கிடக்கும்; தண்ணீர் பட்டதும் ஊறி அழுகத் தொடங்கும். தூண்டில் முள், ஈயக்குண்டு அகப்பட்ட கல்லும் உண்டு. மஞ்சளாகவோ செம்மண் நிறமாகவோ ஒரு புள்ளி கல்லில் பரவினால் உள்ளே இரும்பு இருக்கிறது, அந்தக் கல்லை எறிந்துவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் தடை செய்கிறது. நிலாவெளிக்கு நேரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே கரை முழுக்க உடைந்த முருகைக்கல்தான், கண்ணைப் பறிக்கும். ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. அந்தப் பாறைகள் இருப்பதால்தான் நமக்கு வண்ணாத்தி மீனும் கோமாளி மீனும் என்னவென்று தெரியும். கல்லுக்குக் கடைக்குப் போங்கள், இல்லாவிட்டால் சீமெந்தில் நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள்.

சீமெந்தில் வார்த்த கல்லுக்கு வேறு குணம். அது அமோனியா விடாது, பிஎச்சை ஏற்றும். தொட்டியின் பிஎச் 8.6ஐத் தாண்டி, கொரல் சுருங்கி, கண்ணாடியிலும் மோட்டரிலும் வெள்ளைப் படிவு வந்தால் கல் இன்னும் பதப்படவில்லை. வெளியே எடுத்து உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள். ஊறிய தண்ணீரின் பிஎச்சும் ஊற்றிய தண்ணீரின் பிஎச்சும் ஒன்றாகும்வரை தொட்டிக்குள் போகக்கூடாது. பல வாரம் எடுக்கும்.

டெஸ்ட் எல்லாம் சரி, கொரல் மட்டும் திறக்கவில்லை

கல்லை வைத்ததும் நீரோட்டம் மாறும். முன்பு மெதுவாகத் தண்ணீர் போன இடத்தில் இப்போது கல்லில் மோதித் திரும்பும் ஓட்டம் நேரே அடிக்கும், அல்லது ஒரு மூலையில் ஓட்டமே நின்றுவிடும். பவர்ஹெட்டைச் சற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) 7க்கும் 11க்கும் இடையில், கல் போடுமுன் இருந்த அளவுக்குக் கிட்ட இருந்தால் போதும். இவ்வளவுதான், கொரலை இடம் மாற்றி மாற்றி வைப்பதுதான் அதைக் கொல்கிறது.

புதுக் கல் முழுக்கக் கபில நிறத் தூள்

டயட்டம். வெறும் கல்லில் முதலில் குடியேறும் நுண்பாசி இதுதான். விரலால் தேய்த்தால் தூளாகக் கலையும், பழைய கல்லில் இராது. சில வாரத்தில் தானாகப் போய்விடும், நத்தை இருந்தால் இன்னும் கெதியாகப் போகும். போகவில்லையென்றால் ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஊற்றும் தண்ணீரில், டயட்டம் வளரத் தேவையான சிலிக்கேட் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இது தீராத வியாதி. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள், விலைக்கு வாங்குவதானால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீற்றரை ஒருமுறை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அந்தக் கபிலப் படலம் சளிபோல இழுபட்டு, நூலின் நுனியில் காற்றுக்குமிழ் தொங்கினால், நத்தைகள் சாகத் தொடங்கினால் அது டயட்டம் அல்ல, டைனோ (டைனோஃபிளஜெலேற் என்ற வேறொரு நுண்ணுயிர்). சந்தேகம் தீர ஒரு சோதனை: கொஞ்சத்தைத் தொட்டித் தண்ணீரோடு சிறு போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, பேப்பர் துவாயில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரமளவில் மறுபடி ஒன்றுசேர்ந்து திரண்டால் டைனோ. புதுக் கல்லுக்குப் பயந்து பொஸ்பேட் நீக்கியை அளவுக்கு மேல் போட்டு, நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியத்துக்கு விழுந்த தொட்டிகளில்தான் இது அதிகம் வருகிறது. நீக்கியை எடுத்துவிட்டு, மீனுக்குத் தீனைச் சற்றுக் கூட்டி, இரண்டும் மறுபடி அளவில் தெரியும்படி செய்யுங்கள். இங்கே சுத்தம் செய்வது எதிரிக்கு உதவுவதாகும்.

செங்கருஞ்சிவப்புப் படலம்

சயனோ. இது ஒருவகைப் பக்டீரியா, கல்லுக்கும் மணலுக்கும் இடையில் தண்ணீர் ஓடாத மூலைகளில் வரும். குழாயால் உறிஞ்சி எடுங்கள், அந்த மூலைக்கு ஓட்டம் கொடுங்கள். கல்லை மணலில் படுக்கவிடாமல் இரண்டு மூன்று முனைகளில் நிற்கவைத்தால் அடியில் குப்பை சேராது. அன்டிபயோட்டிக் வகை மருந்துகளை நான் கடைசிவரை தொடமாட்டேன். புதுக் கல்லில் இப்போதுதான் குடியேறும் நல்ல பக்டீரியாவையும் அது விட்டுவைக்கும் என்று எப்படி நம்புவது?

ஒரு மாதம் கழித்துப் பச்சை நூற்பாசி, புதுக் கல்லில் மட்டும்

ட்ரை ரொக்கின் நிஜமான வியாதி இதுதான், பலர் தொட்டியையே கலைத்துவிடுவதும் இதனால்தான். அடையாளம் தெளிவாக இருக்கும்: பழைய கல் சுத்தமாக இருக்க, அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் புதுக் கல்லில் விரல் நீளத்துக்குப் பாசி. டெஸ்ட் செய்தால் பொஸ்பேட் பூச்சியம். "பொஸ்பேட்டே இல்லையே, எப்படிப் பாசி?" என்று குழம்புவோம். பாசி கல்லின் மேலேயே உட்கார்ந்து, கசிவதைத் தண்ணீருக்கு விடாமல் தின்கிறது.

கல்சியம் காபனேற்று பொஸ்பேட்டை இழுத்து மேற்பரப்பில் பிடித்துவைக்கும். தண்ணீரில் பொஸ்பேட் கூடியிருந்தால் கல் எடுக்கும், குறைந்தால் கல் விடும். அதனால்தான் தண்ணீர் மாற்றிய அன்று 0.05 காட்டுவது இரண்டு நாளில் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வருஷக்கணக்காக உப்புப் போட்டுவைத்த மண்பானையை எத்தனை தரம் கழுவினாலும் காய்ந்ததும் மறுபடி வெளியில் உப்புப் பூக்குமே, அந்தக் கதைதான். தண்ணீரைக் கழுவிப் பயனில்லை, பானையிலுள்ளது தீரவேண்டும்.

வாளிச் சோதனையில் பொஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குக் கீழ் நின்றால் கல்லை எடுக்க வேண்டாம். பாசியைக் கையால் பிடுங்குங்கள், பிடுங்கியதைத் தொட்டிக்குள் மிதக்க விடாதீர்கள், ஜிஎஃப்ஓவை (பொஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு மணிகள்) அரை அளவில் தொடங்குங்கள், லைட் நேரத்தைக் குறையுங்கள். நத்தைகளைச் சேருங்கள். பெரிய தொட்டியானால் ஃபொக்ஸ்ஃபேஸ் ஒன்று விடலாம். அது நம் ஓரா மீனின் உறவு, பாசி தின்பதில் அதே வேகம், குத்தினால் கடுப்பதிலும் அதே குணம், வலையில் எடுக்கும்போது கை கவனம். சில மாதத்தில் கல்லிலுள்ளது தீர்ந்து பாசி தானாக மெலியும்.

0.1ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கல் வெளியே வரட்டும். மூடியுள்ள நீலப் பெரலில் உப்புநீர், பவர்ஹெட், இருட்டு. வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி செத்துவிடும், கல் தொடர்ந்து கசியும். வாரம் ஒருமுறை அளந்து, ஏறியதும் தண்ணீரை மாற்றுங்கள். கெதியாக முடிக்க விரும்பினால் லாந்தனம் குளோரைட்டைச் சொட்டுச் சொட்டாகப் பெரலில் விடலாம். பொஸ்பேட்டைப் பிடித்து வெள்ளைத் தூளாக அடியில் விழும். அந்தத் தூள் மீனின் செவுளுக்கு ஆகாது, ஆகவே பெரலில் மட்டும், தொட்டியில் வேண்டாம். அமோனியா பூச்சியமாகி, இரண்டு வாரம் தொடர்ந்து பொஸ்பேட் ஏறாமல் நின்றால் கல் தயார். திரும்பப் போடும்போதும் ஒரேயடியாகப் போடாமல், தொட்டியிலுள்ள பழைய கல்லின் கால்வாசிக்கு மேற்படாமல், இடைவெளி விட்டுப் போடுங்கள்.

உள்ளே அழுகலும் உள்ள கல்லென்றால் பெரலுக்கு முன் ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு நல்ல தண்ணீர், ஓரிரு நாள் ஊறவைத்து, பலமுறை கழுவி, குளோரீனை முறிக்கும் தயோசல்பேட் கலந்த தண்ணீரில் முக்கி, வெயிலில் குளோரீன் மணம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். நம் வெயிலுக்கு இது லேசான வேலை. கழிப்பறை கழுவும் அசிட்டில் போட்டால் மேல்தோல் கரைந்து பொஸ்பேட்டும் போகும் என்பது சரிதான், ஆனால் வீட்டுக்குள் செய்யும் வேலையல்ல, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் செய்யும் வேலையுமல்ல. ப்ளீச்சில் ஊறிய கல்லை அசிட்டில் போடவே கூடாது: இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வரும், ஆளைக் கொல்லும்.

கரண்ட் போனதும் சம்ப் வழிந்து தரை நனைந்தது

கல் தன் பருமனுக்குத் தண்ணீரைத் தள்ளிவிட்டது, அந்தத் தண்ணீர் சம்ப்பில் (கீழேயுள்ள பில்டர்த் தொட்டியில்) நிற்கிறது. மோட்டரை வேண்டுமென்றே நிறுத்தி, மேலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, வழியாத அளவுக்கு உப்புநீரை எடுத்துவிடுங்கள். சம்ப்பில் முன்பு போட்ட கோட்டை அழித்துப் புதுக் கோடு போடுங்கள்.

மீன்கள் அடிபடுகின்றன

கல் மாறினால் எல்லையும் மாறும். டாம்செலும் கோமாளியும் புதுப் பொந்துக்குச் சண்டை பிடிக்கும். மூன்று நாலு நாளில் அடங்கும். ஒரே மீன் தொடர்ந்து செட்டை கிழிபட்டால் பிரித்து வையுங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை, கல் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது

இதற்கும் கேட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி புதுக் கல்லில் பரவப் பல மாதம் எடுக்கும். பழைய கல்லில் இருப்பதைக் கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டி, புதுக் கல்லுக்கு மேல் ஓட்டத்தில் விடலாம். கேஎச்சும் கல்சியமும் நிலையாக இருக்கட்டும். நிறத்துக்காகப் போத்தலில் விற்கும் எதையும் வாங்காதீர்கள்.